அண்ணியின் மூன்றாவது பிரதி

ஆரணி
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. முதலாவது, அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதிக் கொண்டுவந்த கட்டுரை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது, அம்மா கேட்கச் சொல்லி அனுப்பிய கேள்வி. "படிப்பு முடிஞ்சி வரேன்னா, வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல. நம்ம வீட்டுக்குத் திரும்பி வருவாளா மாட்டாளான்னு மட்டும் கேட்டுகினு வா" என்றாள். நான் கேட்கவில்லை. பஸ் கிளம்பும் வரை வேர்க்கடலை விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டி வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இப்போது மூச்சிரைப்பு தேவலையா?

ஐப்பசி வந்தால் சதீஷ் அண்ணன் போய் இரண்டு வருடம். திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அப்பா நினைவு மலர் அச்சடிப்பதில் உறுதியாக இருக்கிறார். முதல் பக்கத்தில் அண்ணன் படம், அடுத்தது உங்கள் கட்டுரை. "மருமக எழுதனதுக்கு அப்பறம்தான் மத்தவங்கள்து" என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார். சரிபார்க்கும் வேலை என்னுடையது.

'பாசத்தின் சிகரம், பண்பின் இமயம், ஈகையின் ஊற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை மாற்றினால் அதே கட்டுரையை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அண்ணனா ஈகையின் ஊற்று? என் ஐஸ்கிரீமில் பாதியைப் பிடுங்கித் தின்றவன். தயவுசெய்து திருத்தி எழுதி அனுப்புங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் குரல் கேட்டாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் தபால்.

அன்புடன்,
தேவிப்ரியா


படவேடு
20 ஜூன் 2024

அன்புள்ள தேவிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம், அம்மாவும் பரவாயில்லை. போன வாரக் காற்றில் வாழை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்பா முட்டுக் கொடுத்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். காற்றைத்தான் என்று நினைக்கிறேன். மாமாவின் முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பார்க்கச் சொல்.

பிடிக்கவில்லை என்பதை நேரில் சொல்லாமல், வீட்டுக்குப் போய் தபால் போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஆரணிக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் என்பது சரியாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த திருத்தம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டில் மிஸ் சிவப்பு மையில் சுழித்துக் கொடுப்பார். சுழித்ததை மாற்றி எழுதினால் கீழே கையெழுத்து விழும். இப்போது பி.எட். வகுப்பிலும் அதேதான் நடக்கிறது. நீயும் தப்பைச் சுழித்து அனுப்பு. மாற்றித் தருகிறேன், முடிந்துவிடும்.

அத்தை கேட்டதற்கு: அத்தையை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணி


ஆரணி
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நொச்சி இலை இங்கே கிடைக்கவில்லை. அப்பா கடைப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவன் வேப்பிலையைக் கொண்டுவந்தான்.

உங்கள் கட்டுரையில் சுழிக்க ஒன்றுமில்லை. ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருக்கிறது. அதுதான் கஷ்டம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கதையை முடித்ததும் சமையலறையில் அரிசி டப்பாவுக்கு மேல் போட்டுவிடுவேன். சில நாள் கழித்து எடுத்துப் படித்தால் எழுதியவள் வேறு யாரோ போலத் தெரியும். அவள் எதைச் சொல்ல வந்து, சொல்லாமல், சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள் என்பது அப்போது பிடிபடும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். வார்த்தைகளுக்குக் கடைசியில்தான் வருவேன். சில சமயம் வருவதே இல்லை.

உங்களுக்கு அரிசி டப்பா இருக்கிறதல்லவா?

அன்புடன்,
தேவி


படவேடு
15 ஜூலை 2024

அன்புள்ள தேவிக்கு,

எல்லோரும் சுகமா? இங்கே சுகம். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. அம்மன் கோயிலுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

திருத்திய பிரதி இணைத்திருக்கிறேன். மூன்று தடவை படித்தேன். 'பண்பின் இமயம்' என்பதை 'பண்பின் உறைவிடம்' என்று மாற்றினேன். 'ஈகையின் ஊற்று' எடுத்துவிட்டேன், உன் ஐஸ்கிரீமுக்காக. 'மறக்க முடியாத' என்பது இரண்டு இடத்தில் வந்ததால் ஒன்றை 'மறக்கவொண்ணாத' ஆக்கினேன். கையெழுத்தும் முன்னதைவிட நன்றாக இருக்கிறது.

நீ சொன்னதைப் படித்துக் கொஞ்சம் பயம் வந்தது, தேவி. பட்டு மூட்டை சுமப்பவரைப் பற்றிய உன் கதையை முதலில் என்னிடம்தானே படித்துக் காட்டினாய்? அதில் அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஒரு நாய் வரும். எனக்கு அந்த நாயை அவ்வளவு பிடித்தது. பத்திரிகையில் வந்ததும் வாங்கிப் பார்த்தால் நாயைக் காணோம். உன் அண்ணனிடம் சொன்னேன். "தேவி திருத்தறேன்னு உக்காந்தா அப்டித்தான். மூட்டைக்காரன் தப்பிச்சதே பெருசு" என்றார்.

வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்கள். சந்தவாசலில் உரக்கடை வைத்திருப்பவர்கள், அப்பாவுக்குத் தெரிந்தவர்கள்.

இப்படிக்கு,
அண்ணி


ஆரணி
18 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாயை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நாய் வந்தால் படிப்பவர்கள் எல்லோரும் நாயைத்தான் பார்க்கிறார்கள். அண்ணன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். கொஞ்சம் சிரிக்காமலும் இருந்தேன்.

உங்கள் பிரதியில் மாறியவை வார்த்தைகள். அண்ணன் இன்னும் உள்ளே வரவில்லை. முழுக் கட்டுரையிலும் 'என் கணவர்', 'அவர்கள்' என்றே இருக்கிறது. அவன் பெயர் எங்குமே இல்லை. ஒன்று செய்யுங்கள். திதிக்கு வருகிற கூட்டத்தை மறந்துவிடுங்கள். இதை யார் படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அந்த ஒருவரை மட்டும் எதிரே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எதை எழுதப் போகும்போது கை நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

உரக்கடைக்காரர்கள் சாய்ந்த வாழைக்காகத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு நொச்சி கிடைத்துவிட்டது. அம்மா உங்கள் புடவைகளை வெயிலில் போட்டு மடித்து வைத்தாள். மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே?

அன்புடன்,
தேவி


படவேடு
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தேவிக்கு,

அம்மா நலம். கூட்டம் எல்லாம் போய் வீடு காலியான பிறகு உட்கார்ந்து எழுதினேன். பழைய இரண்டு பிரதிகளையும் அடுப்பில் போட்டுவிட்டேன், திரும்பப் பார்க்கக் கூடாது என்று. இதில் ஒற்றுப் பிழை இருக்கும். சுழிக்காதே.

*ஊரை விட்டு வெளியே போகும் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நான் அவரை 'என்னங்க' என்று கூப்பிட வேண்டும். பாலத்தைத் தாண்டிவிட்டால் 'சதீஷ்'. அது அவர் போட்ட சட்டம். வண்டி பாலத்தின் மறுமுனையைத் தொட்டதும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். "இப்ப கூப்டு" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். "கூப்டலன்னா வண்டி நவுறாது" என்று நடுரோட்டில் நிறுத்திவிடுவார். பின்னால் லாரிக்காரர்கள் திட்டுவார்கள். நான் காதருகே போய்க் கூப்பிடுவேன். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். ஹெல்மெட் என் நெற்றியில் இடிக்கும்.*

*முள்ளிப்பட்டு நெசவாளர்கள் வீட்டில் கடைக்குப் புடவை வாங்கிவரப் போகும்போதும் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். திரும்பும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் புடவை மூட்டை இருக்கும். மூட்டைக்கு அந்தப் பக்கம் இருந்து பாடுவார். ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. தெரியாத வரிக்கெல்லாம் என் பெயரைப் போட்டு நிரப்புவார்.*

*பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் பாட்டு நின்றுவிடும். வீட்டில் என்னிடம் பேச வேண்டியதை அவர் அத்தையிடம்தான் பேசுவார். "யம்மா, இவ சாப்ட்டாளா?" என்பார். நான் எதிரில்தான் நிற்பேன். அத்தை, "சாப்ட்டியாம்மான்னு கேக்கறான்" என்பார். கோபமில்லை. பெரியவர்கள் முன்னால் அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.*

*அவர் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி வேலூரில் இருந்தது. அது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அத்தை கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் எழுந்து போகவில்லை. காய்ச்சல் ஏற ஏற, கட்டிலில் கிடந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, "என்னங்க" என்றேன். திரும்பத் திரும்ப "என்னங்க" என்றுதான் கூப்பிட்டேன்.*

அவ்வளவுதான். முடித்த பிறகு படித்துப் பார்த்தேன், தேவி. அவர் சிரிக்கிற இடம் ஒன்றிலும் நம் வீடு இல்லை. எழுதும் முன்பு எனக்கே இது தெரியாது.

அண்ணி


ஆரணி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

படித்தேன். ஹெல்மெட் நெற்றியில் இடிக்கும் இடத்தை மட்டும் தனியாகப் பல தடவை படித்தேன். இப்போதுதான் இது கட்டுரை.

ஆனால் அம்மாவும் இதைப் படிப்பாள். ஆஸ்பத்திரிப் பகுதியை அவள் தாங்கமாட்டாள். மலருக்கும் அது கனம். மேலும், வீடே இல்லாமல் இருப்பது ஒரு பக்கமாகச் சாய்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் நாம் மூன்று பேரும் தட்டை சுட்டது நினைவிருக்கிறதா? அண்ணன் உள்ளே வந்து, உங்கள் பக்கம் பார்க்காமலேயே நீங்கள் தட்டியதை மட்டும் தேடி எடுத்துத் தின்றான். நீங்கள் தட்டுவது ஓரத்தில் விரிந்திருக்கும், அதனால் அவனுக்கு அடையாளம் தெரியும். அம்மா "அதென்னடா அது, நான் தட்னது எண்ணெய் குடிக்குதா?" என்று கரண்டியைக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்து மாவைக் கொட்டினேன். அதிலும் அண்ணன் இருக்கிறான்.

அதைச் சேர்த்து, ஆஸ்பத்திரியை எடுத்துவிட்டு, பாலத்தை நடுவில் வைத்து, வீட்டில் முடிகிற மாதிரி ஒரு பிரதி எழுதி இணைத்திருக்கிறேன். பார்த்து உங்கள் போக்கில் மாற்றி அனுப்புங்கள். அச்சகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்னொரு பிரதிக்கும் நேரமிருக்கிறது.

அன்புடன்,
தேவி


ஆரணி
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? என் கடிதம் வந்ததா? சந்தவாசலோடு தபால்காரர் திரும்பிவிடுகிறாரோ என்னவோ.

தட்டை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

தேவி


படவேடு
5 அக்டோபர் 2024

அன்புள்ள தேவிக்கு,

நான் நலம். மாமாவின் முட்டி, அத்தையின் உடம்பு இரண்டையும் எழுது. தபால்காரரைக் குறை சொல்லாதே, அவர் ஒழுங்காகத்தான் வருகிறார்.

உன் பிரதியைப் பலமுறை படித்தேன். அழகாக இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் அழுதாள். ஆனால் அதில் அத்தை இருக்கிறார், நீ இருக்கிறாய், உன் அண்ணன் இருக்கிறார். எனக்குத்தான் இடமில்லை. அந்த நொண்டி நாயை எங்கே கொண்டுபோய் விட்டாயோ, அங்கேயே என்னையும் விட்டுவிட்டாய்.

யாராவது ஒருவரை எதிரே உட்கார வைத்து எழுதச் சொன்னாய். நான் உட்கார வைத்தது அத்தையை. கடைசிப் பகுதி அவருக்காகத்தான். அவரைக் குத்துவதற்காக அல்ல. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வேறு யாரிடம் சொல்வேன்?

சந்தவாசல்காரர்கள் வாழைக்காக வரவில்லை என்று உனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர் பெயர் அருள்மணி. வாயைத் திறந்தால் உர மூட்டை விலைதான் பேசுகிறார். என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று என்னிடமே கேட்டார். அப்பா, "பசங்க பேசிகினு இருக்கட்டும்" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. உன் பிரதியைப் படித்த பிறகு சொன்னேன், சம்மதம் என்று.

கட்டுரை முடிந்துவிட்டது, தேவி. நீ ஏன் முடியவிடாமல் திருப்பித் திருப்பி அனுப்புகிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் ஜூலையில் வெறும் வார்த்தையை மாற்றி அனுப்பியது கொஞ்சம் தெரிந்தேதான். நீ திட்டி ஒரு கடிதம் போடுவாய் அல்லவா?

மூன்றாவது பிரதியைப் போடு. இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்.

இப்படிக்கு,
(எப்படி முடிப்பது என்று தெரியவில்லை)


ஆரணி
9 அக்டோபர் 2024

அன்புள்ள சத்யா,

இந்தக் கடிதத்தில் இந்த ஒரு வார்த்தையைத்தான் திருத்தினேன். அதை எழுத ஒரு மாலை முழுக்க ஆனது. 'நீங்கள்' என்பதை மாற்ற வரவில்லை. அது இருக்கட்டும்.

அப்பா மாடி ஏறுகிறார். அம்மா சுகம்.

மூன்றாவது பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துக் காட்டவில்லை, கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். விரல் வைத்துப் படித்தாள். ஹாரன் அடிக்கும் இடத்தில் நிமிர்ந்தாள்.

"பாலத்துக்கு அந்தாண்ட இப்டிலாம் சிரிப்பானாடி அவன்?"

"எனக்கும் தெரியாதும்மா."

"நம்ம வூட்ல ஒரு நாளும் சிரிச்சதில்லியே இப்டி."

பிறகு கடைசிப் பகுதி. அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் பயந்தபடி அழவில்லை.

"ஒரு டீ குடிக்கறாப்ல எழுந்து வெளில போயிருப்பேனே. யாரும் சொல்லலியே. அந்தப் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்ட்டிருக்கும். அவன் கேட்டுகினாவது போயிருப்பான்."

தாளை என்னிடம் நீட்டி, "ஒரு எழுத்து மாத்தாதடி. அப்டியே போடச் சொல்லு" என்றாள். "அவள வருவியான்னு இனிமே கேக்காத. நானும் கேக்கமாட்டேன்." சந்தவாசல் விஷயத்தை நான் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். "பையன் எப்டியாம்?" என்று மட்டும் கேட்டாள். உர மூட்டை விலை பேசுவார் என்றேன். "பேசட்டும். பேசறது நல்லதுதான்" என்றாள்.

என் பிரதி அரிசி டப்பாவின் மேல் இருக்கிறது. அதில் தட்டை நன்றாக வந்திருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அது என் கட்டுரை, என் பெயரில் என்றைக்காவது எழுதிக்கொள்கிறேன். நாயையும் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
தேவி


நினைவு மலர் ஐப்பசியில் வந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பிரதி, இரண்டு ஒற்றுப் பிழைகளோடு, அப்படியே அச்சாகியிருந்தது.

தை மாதம் சந்தவாசலில் சத்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா போகவில்லை. வெயிலில் போட்டு மடித்து வைத்திருந்த புடவைகளோடு புதிதாக ஒன்றும் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "பொண்ணுக்கு நீ இன்னா ஓணும்மா?" என்று கேட்டார். ஃப்ரெண்டு என்றேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை.